33 கிலோ குறைந்த பிறகும் மாடிப்படியில் மூச்சு வாங்குவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 43. பள்ளி ஆசிரியை. எட்டு மாதங்களுக்கு முன் உடல் எடையைக் குறைக்க ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அப்போது 112 கிலோ, இப்போது 79. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் மட்டும் தொடர்கிறது. ஆனால் பள்ளியின் இரண்டாவது மாடிக்கு ஏறி முடிப்பதற்குள் மூச்சு இரைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. டிரெட்மில் பரிசோதனை அறிக்கையில் 'நெகடிவ்' என்றும் '7 மெட்' என்றும் இருக்கிறது. அறுவை செய்த மருத்துவமனையில் 'நன்றாக இருக்கிறீர்கள்' என்று அனுப்பிவிட்டார்கள். பரிசோதனை நிலையத்திலோ இதயத்துக்கு சி.டி. ஸ்கேன் பேக்கேஜ் எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். அறுவையால் என் இதயமோ நுரையீரலோ கெட்டுவிட்டதா? என் தங்கையும் இதே அறுவைக்கு யோசிக்கிறாள். இன்சூரன்ஸில் பணம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். அவளைப் போகச் சொல்லலாமா?
— ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்:

டீச்சர், உங்கள் பெரிய பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த அறுவை இதயத்தையும் நுரையீரலையும் கெடுப்பதில்லை. பெரும்பாலானோருக்கு இரண்டுக்கும் நல்லதையே செய்கிறது. அதற்காக உங்கள் மூச்சிரைப்பை 'ஒன்றுமில்லை' என்று தள்ளிவிடவும் நான் தயாராக இல்லை. 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றையும் அதன்மேல் இன்னொரு எட்டுக் கிலோவையும் தினமும் சுமந்துகொண்டு படியேறிய ஒருவர், அதை இறக்கி வைத்துவிட்டார். அவருக்குப் படி சுலபமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது. அது என்ன என்று யாராவது தேடியிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தால் யாரும் தேடவில்லை என்று தெரிகிறது.

நுரையீரலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வயிற்றில் கொழுப்பு நிறைந்திருக்கும்போது அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசைத் திரையான உதரவிதானத்தை மேலே தள்ளும். நுரையீரலின் அடிப்பகுதி முழுதாக விரியாது. மூச்சை வெளியே விட்ட பிறகும் உள்ளே மிச்சமிருக்க வேண்டிய காற்றின் அளவுதான் முதலில் குறையும். படுத்தால் இன்னும் மோசம். எடை இறங்கியதும் அந்த அழுத்தம் விலகுகிறது, மூச்சுக்கு இடம் கிடைக்கிறது. உங்கள் நுரையீரல் எட்டு மாதங்களுக்கு முன் இருந்ததைவிட இன்று நல்ல நிலையில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதயத்துக்கும் அப்படித்தான். பெரிய உடம்புக்கு ரத்தம் இறைத்து இறைத்துத் தடித்துப்போன இதயச் சுவர், எடை குறையும்போது மெலிந்து மீண்டும் இளக்கம் பெறுகிறது. ரத்த அழுத்தம் இறங்குகிறது. சுவீடனில் 1987இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், அறுவை செய்துகொண்ட சுமார் இரண்டாயிரம் பேரையும், அதே அளவு பருமனோடு அறுவை இல்லாமல் வழக்கமான சிகிச்சை பெற்ற இரண்டாயிரம் பேரையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறந்தவர்கள் அறுவை செய்துகொண்டவர்களில் குறைவாகவே இருந்தார்கள். எனவே நீங்கள் எடுத்த முடிவுக்காக வருந்த வேண்டாம்.

பிறகு ஏன் மூச்சு வாங்குகிறது? வண்டியில் பாரத்தை இறக்கினார்கள். அதே நாட்களில் மாட்டுக்கும் தீனியைக் குறைத்துவிட்டார்கள். பாரம் குறைந்தது உண்மை. மாடு இளைத்ததும் உண்மை.

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். முதல் சில மாதங்களில் மிகக் குறைவாகத்தான் சாப்பிட முடியும். அப்போது உடம்பு கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை, தசையையும் சேர்த்தே கரைக்கிறது. குறைந்த எடையில் ஏறத்தாழ கால் பங்கு கொழுப்பல்லாத எடையாக இருக்கலாம். உங்கள் 33 கிலோவில் அது எட்டுக் கிலோ. அதில் நீரும் உண்டு. பாரம் குறைந்ததால் தேவையில்லாமல் போன தசையும் உண்டு. ஆனால் படியேற வேண்டிய தொடைத் தசையும் அதில்தான் போயிருக்கிறது.

இதய, நுரையீரல் திறன் என்று நாங்கள் சொல்வது, உச்சகட்ட உழைப்பின்போது உடம்பு ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்பதைத்தான். நுரையீரல் இழுத்து, ரத்தம் சுமந்து, இதயம் தள்ளி, கடைசியில் தசை எரிக்க வேண்டும். நால்வரில் ஒருவர் சோர்ந்தாலும் மூச்சு இரைக்கும். ஒரு உதாரணக் கணக்குப் போடுகிறேன். 112 கிலோ உள்ள ஒருவர் உச்சத்தில் நிமிடத்துக்கு 2,100 மில்லி ஆக்சிஜன் எரிக்கிறார் என்று வையுங்கள். கிலோவுக்கு ஏறத்தாழ 19 மில்லி. அறுவைக்குப் பிறகு 79 கிலோவில் அவர் 1,750 மில்லிதான் எரிக்கிறார் என்றால் கிலோவுக்கு 22 மில்லி வருகிறது. அறிக்கையில் 19 என்பது 22 ஆகிவிட்டது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் மொத்தத் திறனில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. அறுவைக்குப் பின் உடற்பயிற்சி செய்யாதவர்களிடம் ஆய்வுகள் காட்டுவது பெரும்பாலும் இதைத்தான்: கிலோ கணக்கில் வகுத்தால் திறன் கூடியிருக்கிறது, வகுக்காமல் பார்த்தால் அப்படியே நிற்கிறது அல்லது இறங்கியிருக்கிறது. எடையைக் குறைப்பது கத்தியின் வேலை. திறனைக் கூட்டும் வேலை அதற்குத் தெரியாது.

இனி உங்கள் அறிக்கைக்கு வருவோம். 'நெகடிவ்' என்றால் ஓடும்போது எடுத்த ஈசிஜியில் ரத்தக்குழாய் அடைப்புக்கான மாற்றம் தென்படவில்லை என்று பொருள். திறன் நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவது நோயாளிகள் மட்டும் என்றால் எனக்குக் கோபம் வராது. மெட் என்பது ஒரு அளவு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு எரிக்கும் ஆக்சிஜனை ஒன்று என்று வைத்தால், அதைப்போல எத்தனை மடங்கு உங்களால் முடிகிறது என்று சொல்வது. மெதுவாகப் படியேற ஏறத்தாழ 4 வேண்டும். வேகமாக ஏறினால் 8 வரை போகும். உங்கள் உச்சவரம்பே 7. மணி அடித்த பிறகு நோட்டுக் கட்டைச் சுமந்துகொண்டு இரண்டாவது மாடிக்கு விரைந்தால், கையிருப்பு முழுவதையும் செலவழித்துவிடுகிறீர்கள். மூச்சு இரைக்காமல் என்ன செய்யும்?

அந்த 7 கூட மெய்யான 7தானா என்பது சந்தேகம். டிரெட்மில் இயந்திரம் உங்கள் மூச்சை அளப்பதில்லை. வேகம், சரிவு, நேரம் இவற்றை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு எண்ணை அச்சடிக்கிறது. முன்னால் உள்ள கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்திருந்தால், பாதி பாரத்தைக் கை தாங்கியிருக்கும், எண் கூடுதலாக வந்திருக்கும். நான் பார்த்த பரிசோதனைக் கூடங்களில் கம்பியை விடுங்கள் என்று சொல்ல யாருக்கும் நேரமில்லை. இன்னொன்று: நீங்கள் சாப்பிடும் மெட்டோப்ரோலால் இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும் மருந்து. உங்கள் வயதுக்கு எட்ட வேண்டிய துடிப்பில் 85 சதவீதத்தையாவது தொட்டீர்களா என்று அறிக்கையில் பாருங்கள். தொடவில்லை என்றால் அந்த 'நெகடிவ்' அரைகுறைதான்.

சர்க்கரை நோய் இருந்த பெண்களுக்கு இதய அடைப்பு நெஞ்சுவலியாக வராமல் மூச்சிரைப்பாகவே வரலாம். ஆகவே இந்த அறிக்கையோடு ஒரு இதயநோய் மருத்துவரை ஒருமுறை பாருங்கள். எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை) போதுமா, ஸ்கேன் வேண்டுமா என்று அவர் சொல்லட்டும். சி.டி. ஸ்கேன் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அதை உங்களுக்கு எழுதித்தர வேண்டியவர் உங்களைத் தொட்டுப் பார்த்த மருத்துவர். பில் போடும் மேசையில் இருப்பவருக்கு அந்த உரிமை கிடையாது. 'இன்று எடுத்தால் தள்ளுபடி' என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அதற்கு முன்பே, இந்த வாரமே செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை. துடிப்பை அடக்கும் மாத்திரை சாப்பிட்டும் படபடக்கிறது என்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான். எனக்கு முதலில் தோன்றுவது ரத்தசோகை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அறுவை செய்யாதவர்களின் நிலையே இது. இரைப்பை சுருங்கி, அமிலம் குறைந்து, இறைச்சி செரிக்காமல், மாதவிடாயும் நிற்காத ஒரு பெண்ணின் நிலையை யோசியுங்கள். ஹீமோகுளோபின் 13இலிருந்து 9.5 ஆனால் ரத்தம் சுமக்கும் ஆக்சிஜனில் கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. இதயம் எவ்வளவு திடமாக இருந்தாலும் அந்த ஓட்டையை ஓடித்தான் அடைக்க வேண்டும். அந்த ஓட்டத்தைத்தான் நீங்கள் படபடப்பாக உணர்கிறீர்கள்.

ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் அளவு), பி12, வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றையும் பாருங்கள். ஃபெரிட்டினை வற்புறுத்திக் கேளுங்கள். களஞ்சியத்தில் இரும்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் விழத் தொடங்கும். 'எச்.பி. 12 இருக்கிறது, பரவாயில்லை' என்ற பேச்சை ஏற்காதீர்கள். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு ஏறாது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். டீ, காபிக்கும் அப்படியே இடைவெளி விடுங்கள். வாயுக்கு என்று அறுவையன்று தொடங்கிய பான்டாப்ரசோலை எட்டு மாதமாக நிறுத்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இனியும் அது தேவையா என்று கேளுங்கள். அதுவும் இரும்பைத் தடுக்கிறது.

ஒரு விதிவிலக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அது இல்லை என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன், இதில் உயிர் போகிறது. அறுவைக்குப் பிறகு சிலருக்குத் தொடர்ந்து வாந்தி வரும். இரண்டு வாரம், மூன்று வாரம் எதுவும் தங்காது. அப்போது தயமின் என்ற பி1 வைட்டமின் வேகமாகத் தீர்ந்துபோகும். உடம்பில் அதற்குப் பெரிய கையிருப்பு கிடையாது, சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது தீர்ந்தால் இதயம் வீங்கித் தளரும். கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். அல்லது நரம்பைத் தாக்கி நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், புத்தி தடுமாறும். இப்படிப்பட்டவர் என்ன செய்வார்? அறுவை செய்த ஊர் தொலைவில். பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போவார். 'வாந்தி, சோர்வு' என்பார். உடனே ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். தயமின் இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச தயமினையும் அது எரித்துத் தீர்த்துவிடும். நடந்து வந்தவர் படுத்த படுக்கையாவார். முதலில் தயமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். மருந்து விலை மிகக் குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் 'எனக்கு எடைக் குறைப்பு அறுவை நடந்திருக்கிறது, முதலில் தயமின் போடுங்கள்' என்று சொல்ல அந்த நோயாளிக்கு யாரும் கற்றுத்தரவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். தமிழில் நான்கு வரி அச்சடித்துக் கையில் கொடுக்க எத்தனை ரூபாய் ஆகும்? என் கிளினிக்கில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன், இந்த அறுவை செய்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்தனுப்புகிறேன். நீங்களும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது இரண்டு மூன்று நாள் வாந்தி நிற்காவிட்டால் அதை எடுத்து நீட்டுங்கள்.

அதேபோல், திடீரென்று மூச்சு முட்டி ஒரு கால் மட்டும் வீங்கினால், மயக்கம் வந்து விழுந்தால், நெஞ்சை அழுத்தினால், பரிசோதனை நிலையம், குடும்ப டாக்டர் என்று சுற்ற வேண்டாம். நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ரத்தம் சரியாகிவிட்டது, இதயநோய் மருத்துவரும் பார்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் இருப்பது இளைத்த மாடு. அதற்கு மருந்துக் கடையில் எதுவும் இல்லை.

புரதம் தினம் 60 முதல் 80 கிராம் வேண்டும். அறுவை செய்தவர்கள் விழும் பள்ளம் எனக்குத் தெரியும்: ரசம் சாதம், இட்லி, கஞ்சி, பிஸ்கட். வழுக்கிக்கொண்டு இறங்கும், வயிறு வலிக்காது, புரதம் மிகக் குறைவு. தட்டில் முதலில் முட்டை, மீன், கோழி, பன்னீர், சுண்டல், கெட்டிப் பருப்பு. இடம் மிஞ்சினால்தான் சோறு. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம் கிடைக்கும். இவற்றால் முடியவில்லை என்றால் உணவியல் நிபுணர் சொல்லும் புரதப் பவுடர் ஒன்றை வாங்குங்கள். ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் ஷேக் கடைகளில், வெள்ளைச் சட்டை போட்ட 'ஆரோக்கிய ஆலோசகர்' விற்கும் டப்பாவை வாங்காதீர்கள். அவர் கொழுப்பைக் கரைக்கிறேன் என்று சொல்லி உங்கள் மிச்சத் தசையையும் கரைப்பார். அந்த டப்பாக்களோடு கல்லீரல் வீங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் நடக்க வேண்டும். ஒரே மூச்சில் அரை மணி முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மெட்டோப்ரோலால் சாப்பிடும்வரை கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்ப வேண்டாம், பேச்சுதான் உங்களுக்கு அளவு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைப் பயிற்சி: கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பத்துப் பத்தாக மூன்று முறை. சுவரில் கைவைத்துத் தள்ளுவது. தண்ணீர்க் குடத்தை இரு கைகளிலும் மாற்றி மாற்றித் தூக்கி நடப்பது. நடை மட்டும் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படியேற்றுவது தொடை. படியையும் விட்டுவிடாதீர்கள். ஒரு மாடி ஏறி, நின்று, மூச்சு அடங்கியதும் அடுத்த மாடி. லிஃப்ட் இருந்தால் இறங்கும்போது பயன்படுத்துங்கள்.

எடை இறங்கினால் ரத்த அழுத்தமும் இறங்கும், மாத்திரை அளவு பழைய உடம்புக்கே நிற்கும். எழுந்ததும் தலை சுற்றினால் அது காரணமாக இருக்கலாம். மெட்டோப்ரோலாலைக் குறைக்கவோ வேறொன்றுக்கு மாற்றவோ உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், துடிப்பு எகிறிவிடும்.

இவ்வளவையும் சொல்லித்தர வேண்டியது அறுவை செய்த மருத்துவமனை. அங்கே சுவரில் முன்-பின் புகைப்படங்கள் தொங்குகின்றன. எத்தனை கிலோ என்று எழுதியிருக்கிறார்கள். எத்தனை படி ஏறினார் என்று ஒரு படத்தின் கீழும் எழுதி நான் பார்த்ததில்லை. அறுவைக்கு லட்சங்களைக் கொடுக்கும் காப்பீடு, அதன் பிறகு மூன்று மாதம் பிசியோதெரபிஸ்ட் கண்காணிப்பில் பயிற்சி எடுக்க வழிசெய்வது அரிது. செலவழித்த பணம் வீணாகாமல் இருக்க அது எவ்வளவு சிறிய தொகை!

உங்கள் தங்கைக்கு வருகிறேன். அவளுக்கு அறுவை பொருந்துமா என்பது அவள் எடை, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்பதைப் பொறுத்தது. அதை ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். எனக்குக் கவலை அந்த 'ஒருவரை'ப் பற்றித்தான். இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி பாலிசிகளில் எடைக் குறைப்பு அறுவைக்குப் பணம் கிடைக்க, வயது 18 நிறைந்திருக்க வேண்டும், மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும், பி.எம்.ஐ. (உயரத்தையும் எடையையும் வைத்துப் பருமனைச் சொல்லும் எண்) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 முதல் 40க்குள் என்றால் பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுக்கடங்காத சர்க்கரை இவற்றில் ஒன்றாவது, மற்ற சிகிச்சைகள் பலிக்காத நிலையில், இருக்க வேண்டும். உயரத்தை நான்கு சென்டிமீட்டர் குறைத்தும், தூங்காத தூக்கப் பரிசோதனைக்கு அறிக்கை வாங்கியும் இந்த எண்களை வரவழைத்துத் தருவதற்குத் தரகர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். கண்டுபிடித்தால் கோரிக்கை தள்ளுபடியாகும், பாலிசியே ரத்தாகலாம், பில் உங்கள் தங்கை தலையில் விழும். அதைவிட மோசம், இல்லாத நோயை எழுதிய தாள்தான் பிறகு அவளைப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவர் முன்னும் விரியும். அவரை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள். தங்கை அறுவைக்குப் போவதாக முடிவானால், அதற்கு முன் இரண்டு மாதம் நடக்கட்டும், ஃபெரிட்டினும் பி12உம் பார்த்துக் குறை இருந்தால் நிரப்பிக்கொள்ளட்டும்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. இதயநோய் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு செய்யுங்கள். பள்ளி வராந்தாவில் டேப் வைத்து 30 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஓடாமல், உங்களால் முடிந்த வேகத்தில் ஆறு நிமிடம் அந்தக் கோடுகளுக்கு நடுவே போய்த் திரும்பி எத்தனை மீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் கழித்து அதே வராந்தாவில், அதே செருப்போடு, மறுபடி. இரண்டு எண்களையும் ஃபெரிட்டின் அளவையும் எனக்கு எழுதியனுப்புங்கள். மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.